கணக்கர் பூர்ணையா

மைசூர் அரசின் திவானாக விளங்கிய பூர்ணையா, 1746ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையினால் மளிகை வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் பணியில் சேர்ந்தார். அவ்வணிகத் தொடர்பே, ஐதர் அலிக்குப் பண்டங்கள் வழங்கிய அன்னதான செட்டியிடம் அவரைச் சேர்த்தது. அவரது கணக்குத் திறனை அறிந்த ஐதர் அலி, அவரை அரசுப் பணியில் அமர்த்தினார்.

அக்காலத்தில் படை செல்லுமிடமெல்லாம் சந்தையும் உடன் சென்றது. வணிகர்கள் பாசறையில் கடை விரித்தனர். வீரர்கள் தம் ஊதியத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி உண்டனர். லம்பாடி வணிகர்கள் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் கூலம் ஏற்றி வந்தனர். இவர்கள் வராவிடில் படை பசியால் அழியும். அதனால் போரிட்ட இரு தரப்பினரும் இவர்களைக் காத்தனர்.

1782ஆம் ஆண்டு டிசம்பரில், சித்தூரை அடுத்த பாசறையில் ஐதர் அலி இறந்தார். செய்தி பரவினால் படை சிதறும் என்று பூர்ணையாவும் பிற அமைச்சர்களும் அஞ்சினர். எனவே உடலைப் பெட்டகத்தில் வைத்து, செல்வம் அனுப்புவதுபோல் கோலாருக்கு அனுப்பினர். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை பாசறைப் பணிகள் வழக்கம்போல் நடந்தன.

1791ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியது. ஆனால் கூலம் தீர்ந்தது, மாடுகள் மடிந்தன. இழுக்க மாடின்றிப் பெரும் பீரங்கிகளை அழித்துவிட்டு அப்படை பின்வாங்கியது. மறு ஆண்டு லம்பாடியரின் கூலத்துடன் மீண்டும் வந்து வென்றது.

1799இல் திப்பு வீழ்ந்தபின், ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். பூர்ணையா திவானானார். வென்றவர்களோடு இணைந்து பணிபுரிந்தமைக்காக அவரைக் குறை கூறுவோரும் உளர். எனினும், போரினால் நலிந்த நாட்டில் அவர் ஏரிகளையும் சாலைகளையும் செப்பனிட்டார். 1803இல் மராத்தியப் போருக்குச் சென்ற ஆங்கிலேயப் படைக்கு மைசூரிலிருந்து கூலமும் மாடுகளும் அனுப்பினார். 1804இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின்மீது கற்பாலம் அமைத்தார். அப்பாலம் இன்றும் நிற்கிறது.

1811இல் பதவியிலிருந்து விலகிய பூர்ணையா, அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலமானார். கடைக் கணக்கில் தொடங்கிய அவரது வாழ்வு, ஒரு நாட்டின் கணக்கைக் காத்து நிறைவுற்றது.

சொற்பொருள்
பாசறை – படை தங்குமிடம்
கூலம் – தானியம்
பொதிமாடு – சுமை சுமக்கும் மாடு

விடை எழுதுக
1. ஐதர் அலியின் மறைவு ஏன் மறைக்கப்பட்டது?
2. இரு தரப்பினரும் லம்பாடி வணிகர்களைக் காத்தது ஏன்?
3. 1791இல் ஆங்கிலேயப் படை பின்வாங்கியதன் காரணம் யாது?