எடிசன் தொடங்கிய கம்பெனியில் எடிசன் பெயர் ஏன் இல்லை?

கம்பெனியைத் தொடங்கியவரையே முதலீட்டாளர்கள் ஓரங்கட்டுவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. தாமஸ் ஆல்வா எடிசனுக்கே அது நடந்திருக்கிறது.

1878-ல் எடிசனின் மின்விளக்கு கம்பெனி தொடங்கியபோது பல்பே தயாராகவில்லை. ஆனாலும் ஜே.பி. மோர்கனின் கூட்டாளிகளும் வாண்டர்பில்ட் குடும்பமும் பணம் போட்டார்கள். மறுவருஷம் பல்பு எரிந்தது. 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையமும் வந்தது.

சிக்கல் எங்கே? எடிசன் நேர்திசை மின்சாரத்தை விடவே இல்லை. அன்றைக்கு அதை ரொம்ப தூரம் கொண்டுபோக முடியாது. மாறுதிசை மின்சாரத்தோடு வெஸ்டிங்ஹவுஸும் தாம்சன்-ஹூஸ்டனும் வேகமாக வளர்ந்தன.

பெரும்பான்மைப் பங்கு எடிசன் கையில் இல்லை. 1892-ல் மோர்கன் தரப்பு அவருடைய கம்பெனியைத் தாம்சன்-ஹூஸ்டனோடு இணைத்தது. புதுப் பெயர், ஜெனரல் எலக்ட்ரிக். தலைமைப் பொறுப்பு போட்டி கம்பெனியின் சார்லஸ் காஃபினுக்குப் போனது. எடிசனுக்குக் கிடைத்தது இயக்குநர் குழுவில் ஓர் இடம், அவ்வளவுதான்.

சந்தை இதைக் கண்டுகொள்ளவில்லை. 1896-ல் டவ் ஜோன்ஸ் தொழில் குறியீடு தொடங்கியபோது, முதல் 12 பங்குகளில் ஜெனரல் எலக்ட்ரிக்கும் இருந்தது.

எடிசனோ தன் பங்குகளை விற்று இரும்புத்தாது தொழிலில் போட்டார். அதுவும் நஷ்டம். ஆனால் ஆய்வுக்கூடத்தை மட்டும் 1931-ல் இறக்கும்வரை அவர் விடவில்லை.