மங்கம்மாள் அரசியாரும் அறத்தின் காரணமும்

மாந்தர் பிறர்க்கு உதவுவது எதனால்? இரக்கத்தாலோ, புகழ் வேட்கையாலோ, தாம் செய்த பிழைக்கு அஞ்சியோ? பழமையான இவ்வினாவுக்கு விடை தேடுவார் மதுரை மாநகரை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புகைவண்டி நிலையத்தின் எதிரே மங்கம்மாள் அரசியாரின் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் நிற்கின்றது. அவ்வம்மையாரின் சரித்திரத்தையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

மங்கம்மாள், நாயக்கர் படைத்தலைவருள் ஒருவராகிய லிங்கம நாயக்கரின் மகளார்; மதுரை நாட்டை ஆண்ட சொக்கநாத நாயக்கரின் தேவியார். 1682-ஆம் ஆண்டில் கணவர் இறந்தனர். பின்னர் ஏழாண்டு அரசு செலுத்திய மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர், 1689-இல் வைசூரி கண்டு மாண்டனர். கருவுற்றிருந்த மருமகளும் ஆண்மகவொன்றை ஈன்று சின்னாளில் உயிர் துறந்தனள். கைம்மைத் துயரையும் புத்திர சோகத்தையும் ஒருங்கே தாங்கிய அம்மையார், பேரன் விஜயரங்க சொக்கநாதனைக் கைக்குழவியாயிருக்கும்போதே அரசனாக்கி, அவன் பொருட்டு 1706-ஆம் ஆண்டளவும் நாட்டைக் காத்தனர்.

மொகலாயப் பெரும்படை தெற்கு நோக்கி வந்தபோது, போரிற் குடிகள் அழிவதினும் திறை செலுத்துதல் நன்றெனத் தேர்ந்தனர். எனினும் போரை முற்றும் வெறுத்தாரல்லர். திருவிதாங்கூர் மீதும் தஞ்சை மீதும் அவர்தம் சேனை சென்றதுண்டு. ஆதலின் அவரைக் குற்றமொன்றுமில்லாத் துறவியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் வரி தண்டினார், படை செலுத்தினார், அரசியாகவே வாழ்ந்தார்.

அவ்வரசியார் செய்த அறங்களோ பல. மதுரையைச் சூழ்ந்த சமவெளியிற் சித்திரை வெயிலில் நடந்தார்க்கே நிழலின் அருமை விளங்கும். புகைவண்டி இல்லாத அக்காலத்தில் இராமேசுவரத்திற்கும் குமரிக்கும் யாத்திரை சென்றோர் காலால் நடந்தே சென்றனர். அவர்கட்காக அரசியார் சாலைகள் அமைத்தனர். சாலையின் இருமருங்கும் மரங்கள் வைத்தனர். தண்ணீர்ப் பந்தல்களும் சத்திரங்களும் நிறுவினர். தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. சமய வேற்றுமையும் அவர் கையைத் தடுத்ததில்லை. கோயில்கட்கு வழங்கியவர் திருச்சிராப்பள்ளித் தர்காவிற்கும் நிலம் வழங்கினர். அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ அடிகள் 1693-இல் சேதுபதி நாட்டு ஓரியூரிற் கொலையுண்டாராயினும், அரசியாரின் தலைநகராகிய திருச்சிராப்பள்ளியில் இயேசு சபையைச் சேர்ந்த பூசே அடிகள் சிறப்புடன் வரவேற்கப்பட்டார்.

இனி, இவ்வறங்களுக்கு மக்கள் கற்பித்த காரணத்தை நோக்குவோம். அரசியார் ஒருநாள் மறதியால் இடக்கையால் வெற்றிலை எடுத்து அருந்தினாரென்றும், அப்பிழைக்குப் பிராயச்சித்தமாகவே சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாரென்றும் செவிவழிக் கதையொன்று உண்டு. தருமத்தை இடக்கையும் அறியாவண்ணம் செய்க எனக் கற்று வளர்ந்த கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு, அறமனைத்தும் இடக்கையின் பிழையாலேயே விளைந்தது என்னும் இக்கதை பெரிதும் வியப்பளிக்கின்றது.

குற்றவுணர்வு மனிதனை உதவத் தூண்டும் என்பது மெய்யே. உதவுவோன் தன் மனவேதனையைத் தணித்துக்கொள்ளவே உதவுகின்றான் என்று வாதிக்கும் உளநூலாரும் உளர். ஆயின், 1981-இல் அமெரிக்க அறிஞர் டேனியல் பேட்சனும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டிற்று. மின்னதிர்ச்சியால் துன்புறுபவளாகத் தோன்றிய ஒருத்தியைக் கண்டோருள் இரக்கம் மிக்கவர், எளிதில் அகன்றுபோக வழியிருந்தும் அகலாது, அவள் துன்பத்தைத் தாம் ஏற்க முன்வந்தனர். தம் வேதனையைத் தணிப்பதொன்றே அவர்தம் கருத்தாயின், அவர்கள் எழுந்து போயிருப்பரன்றோ?

அரசியார் திறத்திலும் இவ்வாறே எண்ணலாம். வெற்றிலைப் பிழை நீங்க ஒருநாள் தானம் போதும். பதினேழு ஆண்டு ஆட்சியின் அறங்கள் வேண்டுவதில்லை. மேலும், இன்று நட்ட மரம் நாளையே நிழல் தருவதன்று. அதனை நடுபவர், தம் முகம் பாராத, தம் பெயர் கேளாத ஒருவன் பல்லாண்டு கழித்து அதன் கீழ் இளைப்பாறுவதை எண்ணியே நடுகின்றார். இழப்பினை அறிந்த நெஞ்சம், அரச கடமை, புகழ் விருப்பம் ஆகிய யாவும் அவருள் கலந்திருக்கலாம். ஆயினும், வழிப்போக்கனின் வருத்தத்தைத் தம் வருத்தமாகக் கொள்ளாதவர்க்கு இச்செயல் கைகூடாது என்பதே எம் துணிபு.

அரசியாரின் முடிவைப் பற்றியும் கொடியதோர் கதை வழங்குகின்றது. அவரைச் சிறையிலிட்டு, கண்ணுக்கு எட்டிக் கைக்கு எட்டாத இடத்தில் உணவை வைத்துப் பட்டினியால் மாளச் செய்தனர் என்பர். வழிநடந்தோர்க்கெல்லாம் சோறிட்டவர்க்குச் சோறு கிட்டவில்லை என்னும் இக்கதையை மக்கள் மூன்று நூற்றாண்டுகளாக மறவாது போற்றி வருதல் கருதத்தக்கது. அறத்திற்குப் பயனாக நன்மையே மீளும் என்னும் உறுதி இவ்வுலகில் இல்லை என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். அறிந்தும், அறம் செய்தாரை அன்புடன் நினைந்தனர்.

நண்பர்காள்! ஒருவர் ஈவதைக் காணுந்தோறும் அவர்தம் உட்கருத்தை ஐயுறுதல் நம் இளமைக்கு எளிது. அவர் புகழுக்கு ஈந்தார், இவர் பாவத்துக்கு அஞ்சி ஈந்தார் என்று உரைத்து, நம் கையை மூடியே வைத்திருக்கவும் கூடும். சத்திரத்தில் உண்டவன் அரசியாரின் உள்ளத்தைச் சோதித்துப் பின் உண்டானில்லை. பசித்தான், உண்டான், மேலும் நடந்தான். பிறர் கருத்தை ஆராய்வதை விடுத்து, நம் வழியில் நடப்பார்க்கு யாம் நடத்தக்க மரம் யாது என ஆராய்வோமாக.