பெட்ரோல் இல்லாத காலத்தில் அடுப்புக்கரியில் பஸ் ஓட்ட வழி கண்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார்

மணலூர்பேட்டை,-

தை மாதம் 5-ந்தேதி வந்துவிட்டால் மணலூர்பேட்டை தென்பெண்ணை ஆற்றங்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தீர்த்தவாரிக்காக திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் வருவார். அவரை பார்க்க சுற்று வட்டார கிராம மக்கள் பஸ், வேன், டிராக்டர் என்று கிடைத்த வண்டியில் எல்லாம் வந்து இறங்குவார்கள்.

மற்ற நாட்களிலும் இந்த ஊர்க்காரர்களுக்கு பஸ்தான் கால். திருக்கோவிலூர் போக வேண்டும் என்றாலும் பஸ். திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றாலும் பஸ். ஒரு டிரிப் வராவிட்டால் கூலி வேலைக்கு போகிறவருக்கு அன்றைய சம்பளம் போச்சு.

ஒரு டிரிப் அல்ல, நாட்டில் ஓடும் பஸ்கள் மொத்தமாக நின்று போகும் நிலைமை ஒரு காலத்தில் வந்தது. அப்போது பெட்ரோல் இல்லாமலேயே பஸ்சை ஓட்ட வழி செய்தவர் ஒருவர் உண்டு. டி.வி.எஸ். என்ற 3 எழுத்துக்கு சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் அய்யங்கார்தான் அவர். அவருடைய வாழ்க்கை விவரம் வருமாறு:-

வக்கீல் தொழில் பிடிக்கவில்லை

நெல்லை சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந்தேதி பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். பெயருக்கு முன்னால் நிற்கும் "டி" என்ற எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது.

வீட்டில் அவரை வக்கீலாக பார்க்க ஆசைப்பட்டார்கள். அவரும் வக்கீல் தொழிலில் இறங்கினார். மனசு ஒட்டவில்லை. பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன்பின் பேங்க் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகம். அந்த காலத்தில் அதை உதறி விட்டு வருகிறவனை ஊரே பைத்தியக்காரன் என்று சொல்லும்.

அவர் உதறினார். 1911-ம் ஆண்டு சொந்த கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே, அதாவது 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். அப்போது அவருக்கு வயது 35.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போய்க்கொண்டிருந்த பாதை. தார் ரோடு என்ற பேச்சே இல்லை. மோட்டார் பஸ்சை பார்த்து ஜனங்கள் ஒதுங்கி நின்ற நேரம். அதில் டிக்கெட் போட்டு ஆள் ஏற்றி லாபம் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பஸ்சை பார்த்து கடிகாரம் திருப்பினார்கள்

சுந்தரம் அய்யங்கார் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம், நேரம். சீட்டு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு பஸ் கிளம்பும். டி.வி.எஸ். பஸ் போவதை பார்த்து வீட்டு கடிகாரத்தை சரி செய்து கொண்டார்கள் என்று மதுரை பக்கத்து பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்றால் வண்டி வழியில் நிற்கக்கூடாது. அந்த நாளில் பஸ்சுக்கு பெரிய எதிரி லாட ஆணி. மாடு, குதிரைகளின் காலில் இருந்து கழன்று விழும் ஆணி டயரை பதம் பார்த்துவிடும். அதற்காக காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி, ரோட்டில் கிடந்த ஆணிகளை எல்லாம் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். பஞ்சரான பிறகு ஒட்டுவதை விட பஞ்சர் ஆகாமல் பார்ப்பதே மேல் என்பது அவர் கணக்கு.

மகளுக்காக ஊரை எதிர்த்தார்

தொழில் வளர்ந்த நேரத்தில் வீட்டில் இடி விழுந்தது. அவருடைய மகள் சவுந்தரத்துக்கு சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி இருந்தது. மாப்பிள்ளை டாக்டர். 1925-ல் பிளேக் நோய் அவரை கொண்டு போய்விட்டது. சவுந்தரத்துக்கு அப்போது இளம் வயதுதான்.

கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம் அது. சுந்தரம் அய்யங்கார் வீட்டில் அப்படி செய்யவில்லை. மகளை டெல்லிக்கு அனுப்பி டாக்டருக்கு படிக்க வைத்தார்கள். 1936-ல் அவர் டாக்டர் ஆனார். 1940-ல் காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் உருவாக காரணமாக இருந்த டாக்டர் சவுந்தரம் அம்மையார் இவர்தான். மத்திய துணை மந்திரியாகவும் இருந்தார்.

பெட்ரோலுக்கு வந்தது ரேஷன்

1939-ல் 2-வது உலகப்போர் மூண்டது. பெட்ரோல் முதலில் ராணுவத்துக்கு, மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு என்று ஆனது. ரேஷன் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பான் கைக்கு போயின. பர்மா எண்ணெய் நின்றது. மலேயா ரப்பர் நின்றது. பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை.

பஸ் முதலாளிகள் பலர் கையை பிசைந்தார்கள். டிரைவர், கண்டக்டர், கிளீனர் குடும்பங்களின் அடுப்பு எரியுமா என்ற கேள்வி எழுந்தது. சந்தைக்கு போகிறவர், பிரசவத்துக்கு போகிறவர் எல்லாம் பழையபடி மாட்டு வண்டிக்கு போக வேண்டியதுதான் என்ற நிலைமை.

சுந்தரம் அய்யங்காருக்கு அப்போது வயது 65. பேரன், பேத்திகளை கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயது. அவர் பட்டறையை பார்த்தார். டி.வி.எஸ். கியாஸ் பிளாண்ட் பிறந்தது. பெட்ரோலுக்கு பதில் அடுப்புக்கரியில் பஸ்சை ஓட்டும் கருவி அது. சென்னை மாகாணத்தில் பஸ்கள் ஓட அது கை கொடுத்தது. டயர் பிரச்சினைக்கு, தேய்ந்த டயருக்கு புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் ஏற்படுத்தினார்.

கரி வாயுவில் வண்டி ஓட்டுவது உலகத்துக்கு புதிது அல்ல. பிரான்ஸ் நாட்டு என்ஜினீயர் ஜார்ஜ் இம்பெர்ட் 1920-களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட வழி செய்திருந்தார். போர்க்காலத்தில் சுவீடன், ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளிலும் இப்படித்தான் வண்டிகள் ஓடின. நம்ம ஊர் பஸ்சுக்கு, நம்ம ஊர் கரிக்கு, நம்ம ஊர் பட்டறையிலேயே அதை செய்து கொடுத்ததுதான் பெரிய விஷயம்.

கரியில் என்ஜின் ஓடியது எப்படி?

இந்த வகை வண்டிகளில் பின்பக்கமோ, பக்கவாட்டிலோ ஒரு பெரிய இரும்பு டிரம் இருக்கும். அதில் கரியை கொட்டி தீ மூட்டி மூடி விடுவார்கள். அடியில் சின்ன வழியாக கொஞ்சம் காற்றை மட்டுமே விடுவார்கள். காற்று போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அது எரியக்கூடியது. என்ஜின் அந்த வாயுவை தானே உறிஞ்சிக்கொள்ளும்.

காலையில் வண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கரி நன்றாக கனியும் வரை கையால் சுற்றும் விசிறியை சுற்ற வேண்டும். வேர்த்து விறுவிறுத்து முகமெல்லாம் கரியோடு நிற்பார் கிளீனர்.

வண்டி கிளம்பினாலும் பழைய இழுவை வராது. பெட்ரோலில் 100 பங்கு இழுத்த என்ஜின், கரி வாயுவில் பாதி முதல் 70 பங்கு வரைதான் இழுக்கும். மேட்டில் முக்கும். ஏற்றம் பெரிதாக இருந்தால் ஜனங்களை இறக்கிவிட்டு தள்ள சொல்வார்கள்.

காரணம் காற்றுதான். ஒரு கிராம் பெட்ரோல் எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் ஆவி கொஞ்சமாக இருந்தாலும் வெடி பலமாக இருக்கும். கரி வாயு அப்படி இல்லை. அதில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஒரு பங்கு வாயுவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு காற்று. சிலிண்டர் நிறைய உறிஞ்சினாலும் உள்ளே போகும் சக்தி குறைவு.

இழுவையை கூட்டிய வித்தை

இதை சரிக்கட்ட கரி வண்டி மெக்கானிக்குகள் 5 விஷயங்களை பார்த்தார்கள்.

முதலாவது, வாயுவை குளிர வைப்பது. சூடான வாயு விரிந்து நிற்கும். ஒரு முறை உறிஞ்சினால் கொஞ்சம்தான் உள்ளே போகும். அதனால் நீளமான குழாய்கள் வழியாக ஆற விட்டு அனுப்பினார்கள்.

2-வது, பில்டர். கரித்தூளும் சாம்பலும் சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் போல தேய்த்துவிடும். பிஸ்டன் ரிங் போய்விடும். பில்டரை சுத்தம் செய்யாமல் விட்டாலும் ஆபத்து, மூச்சு அடைத்த மனுஷன் மாதிரி என்ஜின் திணறும்.

3-வது, குழாய். குறுகிய குழாயும் அடிக்கடி வளைவும் இருந்தால் உறிஞ்சும் சக்தி அதிலேயே போய்விடும். ஜாயிண்டில் லீக் இருந்தால் கலவை கெட்டுவிடும்.

4-வது, என்ஜின் ஹெட்டை சீவி கம்பிரஷனை ஏற்றுவது. கரி வாயு அதை தாங்கும்.

5-வது, டைமிங். கரி வாயு மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க்கை கொஞ்சம் முன்கூட்டியே விழ வைக்க வேண்டும்.

உயிர் பயமும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் டிரம்மை பற்ற வைத்தால் தலை சுற்றி, தூக்கம் வந்து, அப்படியே ஆள் போய்விட வாய்ப்பு உண்டு. அதனால் வெட்டவெளியில் நிறுத்தித்தான் தீ மூட்ட வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்தோடும் பஸ் ஓடியது. அதுதான் முக்கியம்.

போர் முடிந்தது, பெயர் நின்றது

1945-ல் போர் முடிந்தது. பெட்ரோல் மெல்ல மெல்ல திரும்பி வந்தது. கரி டிரம்கள் கழற்றப்பட்டு பழைய இரும்பு கடைக்கு போயின. டி.வி.எஸ். நிறுவனம் மோட்டார் வண்டிகள், உதிரி பாகங்கள் என்று வளர்ந்தது. பொறுப்பை மகன்கள் ஏற்றார்கள்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி சுந்தரம் அய்யங்கார் காலமானார். அவருக்கு வயது 78.

அவர் தொடங்கிய பஸ்கள் 1972-ல் அரசுடைமை ஆயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்து கழகம் உருவானது அவற்றை கொண்டுதான். இன்று அரசு பஸ்சில் டிக்கெட் எடுக்கும் மதுரைக்காரர்களில் பலருக்கு அந்த பஸ்சின் கதை 1912-ல் ஆரம்பித்தது தெரியாது.

பழைய வண்டிக்கு அதே பாடம்

கரி வண்டி போய்விட்டது. பாடம் போகவில்லை. பழைய அம்பாசிடரோ, ஜீப்போ, லோடு வண்டியோ இழுக்கவில்லை என்றால் உடனே என்ஜினை இறக்க தேவையில்லை. முதலில் ஏர் பில்டரை கழற்றி பார்க்க வேண்டும். ஆற்று மணலும் ரோட்டு புழுதியும் அப்பி இருந்தால் மாற்ற வேண்டும். பில்டரையே தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவது தவறு. கொஞ்ச நாள் நன்றாக இழுப்பது போல தெரியும், பிறகு போர் தேய்ந்து புகை தள்ளும்.

காற்று குழாயில் விரிசல் இருக்கிறதா, கேஸ்கெட்டில் லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் சூட்டு காற்றை இழுக்காமல் வெளியே உள்ள குளிர்ந்த காற்றை இழுக்கும்படி குழாய் இருக்க வேண்டும். கடைசியாக டைமிங். இதற்கு ஆகும் செலவு என்ஜின் வேலையில் சிறு பங்குதான்.

என்ஜினும் மனுஷன் மாதிரிதான், மூச்சு நன்றாக விட்டால்தான் வேலை செய்யும். 65 வயதில் சுந்தரம் அய்யங்கார் பட்டறையில் நடந்த வேலை, மூச்சு நின்று போக இருந்த பஸ்களுக்கு மூச்சு கொடுத்தது. அதனால் பல தொழிலாளர் வீட்டு அடுப்பும் அணையாமல் எரிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.