ருஷ்ய கவிஞர் இஸக்கோவ்ஸ்கி

பாட்டு வாழ, அதனைப் பாடித்தந்தவர் பெயர் மறைந்தொழிதல் உலகத்து வழக்கே. காத்யூஷா என்னும் ருஷ்யப் பாட்டின் மெட்டைப் பல தேசத்தாரும் அறிவர். அதன் சொற்களை யாத்தவர் யார் என வினவின் விடை பகர்வோர் சிலரே. அவர் மிகயீல் வஸீலியெவிச் இஸக்கோவ்ஸ்கி என்பவர். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1900ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஸ்மோலென்ஸ்க் மாகாணத்துக் குளோத்தோவ்கா என்னும் சிற்றூரில், ஏழைக் குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். வறுமையோடு கொடிய கண்ணோயும் இளம்பிராயத்திலேயே இவரைப் பற்றிக்கொண்டது. ஆயினும் எழுத்துக் கற்பதில் தணியாத ஆவல் உடையவராயிருந்தார். அவ்வூரில் எழுதப் படிக்க அறியாதார் மிகுதி. அவர்கள் தூரதேசம் சென்ற தம் உறவினர்க்கு விடுக்க விரும்பிய கடிதங்களை இச்சிறுவரே எழுதிக் கொடுப்பார். பிறர் நெஞ்சத்துப் பிரிவாற்றாமையை அவரவர் வாய்மொழியிலேயே வடிக்கும் வித்தையை இவர் பயின்ற முதற் பள்ளிக்கூடம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

1914ஆம் வருஷம், பதினான்கு வயதினராயிருந்தபோதே, போர்வீரன் ஒருவனைப் பற்றி இவர் இயற்றிய செய்யுள் மாஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. கண்ணோயும் பொருண்முட்டும் உயர்தரக் கல்வியை முற்றுவிக்க இடங்கொடுக்கவில்லை. 1917ஆம் வருஷத்துப் புரட்சிக்குப்பின் யெல்ன்யா என்னும் சிறுநகரில் பத்திராதிபராக அமர்ந்தார். 1921இல் ஸ்மோலென்ஸ்க் நகரத்துப் பத்திரிகையொன்றிற் சேர்ந்து ஏறக்குறைய பத்தாண்டு உழைத்தார். அக்காலத்தில் கொல்லர் ஒருவரின் மகனான ஒரு கிராமத்துச் சிறுவன் தன் செய்யுட்களைக் கொண்டுவந்து காட்ட, இவர் அவற்றை அன்புடன் ஏற்றுப் பிரசுரித்தார். அச்சிறுவனே பிற்காலத்துப் பெரும்புலவராய் விளங்கிய அலெக்ஸாந்தர் துவர்தோவ்ஸ்கி.

1927இல் இவரது செய்யுட்டொகுதி ஒன்று வெளிவந்தது. வைக்கோல் வேய்ந்த கூரைகளின்மேல் மின்சாரக் கம்பி ஓடும் புதுமையைக் குறிக்கும் பெயருடையது அது. பத்திரிகை விமரிசகர் சிலர் அதனை இகழ்ந்தனர். மாக்ஸிம் கார்க்கியோ மனமுவந்து பாராட்டினார். அப்பாராட்டே இவரை நாடறியச் செய்தது. 1931இல் மாஸ்கோவிற் குடியேறினார். அதன்பின், கிராமத்திற்கு மின்னொளி வந்த செய்தியைக் கூறும் இவரது பழைய செய்யுள் ஒன்றிற்கு விளாதிமிர் ஸஹாரோவ் இசையமைக்க, பியாத்னித்ஸ்கி பாடகர் குழுவினர் அதனைப் பாடினர். இசைக்கென எழுதாதது இசையாயிற்று. நூலறிவின் ஆரவாரம் சிறிதும் இல்லாத குடியானவர் பேச்சு இவரது நடையாதலின், அது மெட்டிற்கு எளிதில் இணங்கிற்று.

1938இல் இசைவாணர் மத்வேய் பிளாந்தர் இவரிடம் பாட்டு வேண்டினார். ஆற்றங்கரையில் நின்று, தொலைவில் எல்லை காக்கும் தன் காதலனை நினைந்து பாடும் ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பத்திகளை மட்டும் எழுதி, மேலே செல்ல இயலாமல் இவர் நிறுத்தி வைத்திருந்தார். பிளாந்தர் அதனைப் பெற்றுச்சென்று மெட்டமைத்து, எஞ்சியதைத் தருமாறு விடாது வற்புறுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் மாஸ்கோவில் காத்யூஷா அரங்கேறியது. 1941இல் போர்மூண்டபோது, வீரர்கள் தம் புதிய ராக்கெட் பீரங்கிக்கு அப்பெண்ணின் செல்லப்பெயரையே சூட்டினர். இத்தாலியிலோ, ஃபெலிசே காஷியோனே என்னும் இளவைத்தியர் அம்மெட்டிற்கு வேறு சொற்கள் அமைக்க, பாசிஸ்டுகளை எதிர்த்த மலைநாட்டு வீரர் அதனைப் பாடித் திரிந்தனர்.

பாட்டு போர்முனை சென்றது, பாவலர் செல்லக்கூடவில்லை. கண்பார்வை மிகக் குன்றியிருந்தமையால், காமா நதிக்கரையிலுள்ள சீஸ்தபோல் நகரிற் போர்க்காலத்தைக் கழித்தார். அங்கிருந்தே, போர்முனைக்கு அணித்தான காட்டில் வீரர் இசைகேட்டு வீட்டை நினைத்தலையும், ஒரு பெண்ணின் சாளரத்தில் எரியும் சிறுவிளக்கையும் பாடினார். 1943இல் பாட்டுக்களுக்காக ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அக்காலத்துப் புலவர் பலரையும் போல இவரும் ஸ்டாலினைப் புகழ்ந்து பாடியதுண்டு. அவை இன்று எவர் நாவிலும் இல்லை.

1945இல் இவர் எழுதியதொரு பாட்டின் கதை வேறு. வெற்றி வாகை சூடித் திரும்பும் வீரனொருவன் தன் வீடு எரிந்து, சுற்றம் மாண்டு கிடக்கக் காண்கின்றான். மனைவியின் சமாதியருகே அமர்ந்து, அவளோடு உண்டு களிக்க எண்ணியிருந்த மதுவைத் தனியே அருந்தி அழுகின்றான். அவன் மார்பிலோ புடாபெஸ்ட் நகரைக் கைப்பற்றியதற்கான பதக்கம். இவ்வளவே பொருள். 1946இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. பிளாந்தர் இசையமைக்க, ரேடியோவிலும் ஒலித்தது. உடனே கண்டனம் எழுந்தது. வெற்றிக்களிப்பிற்குரிய காலத்தில் இத்துணைத் துயரம் ஆகாதென்பது அதிகாரிகள் கருத்து. ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் உயிரைப் பலிகொடுத்த தேசத்தில், ஒருவன் தன் மனைவிக்காக அழுவது குற்றமாயிற்று! ரேடியோ அப்பாட்டைக் கைவிட்டது. பாடகர்களும் அஞ்சி ஒதுக்கினர். இவர் வேறு பாட்டுக்கள் பல எழுதினார். 1949இல் மீண்டும் பரிசு பெற்றார். அந்தப் பாட்டு மட்டும் வாய்மூடிக் கிடந்தது.

1953இல் ஸ்டாலின் மாண்டபின்னும் ஆண்டுகள் சென்றன. 1960இல் மாஸ்கோவின் பெரியதோர் அரங்கில், நடிகரும் பாடகருமான மார்க் பெர்னெஸ், துணிந்து அதனைப் பாடினார். கேளிக்கை நாடி வந்திருந்த பல்லாயிரவர் எழுந்து நின்றனர் என்பர். அவருள் போரினின்று மீண்டவர் எத்தனைபேர், எரிந்த வீட்டைக் கண்டவர் எத்தனைபேர் என எண்ணிப் பார்க்கின்றோம். கண்ணொளி குன்றிக் களத்திற்குச் செல்லாதவர் எழுதியதைக் களங்கண்டோர் தமதென ஏற்றுக்கொண்டனர். அதன்பின் அப்பாட்டைத் தடுத்துவைக்க எவராலும் இயலவில்லை.

1970இல் இவருக்குச் சோஷலிஸ உழைப்பு வீரர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. முதுமையில், தாம் பிறந்த யெல்ன்யாப் பிரதேசத்து வாழ்க்கையை உரைநடை நூலாக எழுதினார். 1973ஆம் வருஷம் ஜூலை 20ஆம் நாள் மாஸ்கோவில் காலஞ்சென்று, நோவதேவிச்சி மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். குளோத்தோவ்காவிற்கு அணித்தான விஸ்ஹோதி என்னும் ஊரில் பிற்காலத்தில் காட்சிசாலை ஒன்று நிறுவப்பட்டது. அது காத்யூஷா என்னும் பாட்டிற்கென்றே அமைந்தது.