சங்கரதாஸ் சுவாமிகள்: உப்புக் கம்பெனி கணக்கர், தமிழ் நாடகத்தின் 'தலைமையாசிரியர்' ஆனது எப்படி?

2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணியின் பெயர் ஞாபகம் இருக்கா? சுவாமி சங்கரதாஸ் அணி. மதுரை தமுக்கத்தில் சிலையாக நிற்பவரும் இதே சங்கரதாஸ்தான். பெயரைக் கேட்டிருப்போம். ஆனா, ஆள் யார், என்ன செய்தார்னு கேட்டா பலருக்கும் தெரியாது.

சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்னாடி தமிழ்நாட்டை ராத்திரி ராத்திரியாகக் கண்விழிக்க வைத்தவர் இவர். இவர் எழுதின நாடகங்கள் இன்னைக்கும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன.

எந்த ஊர்க்காரர்?

தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும் காட்டுநாயக்கன்பட்டி. பிறந்த ஆண்டு 1867. இதே வட்டாரத்தில்தான் 5 ஆண்டு கழித்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். 15 ஆண்டு கழித்து எட்டயபுரத்தில் பாரதியார். அந்த இருவரையும் தெரிந்த அளவுக்கு, அவர்களுக்கு மூத்தவரான சங்கரதாஸை நமக்குத் தெரியாது.

அப்பா தாமோதரன் ராமாயணத்தில் ஊறிய புலவர். பையனுக்கு முதல் தமிழ்ப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. அப்புறம் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் யாப்பு, சந்தம் எல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டார்.

ஆனா வயிற்றுப்பாட்டுக்குத் தமிழ் போதுமா? முத்துக்குளிப்புக்கும் கப்பலுக்கும் உப்பளத்துக்கும் பேர்போன ஊர் தூத்துக்குடி. அங்கே ஒரு உப்புக் கம்பெனியில் கணக்கர் வேலை பார்த்தார். கொஞ்ச காலம்தான். 24 வயசில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார்.

1891: இரண்டு பேர், இரண்டு மேடை

அது 1891. அதே ஆண்டு சென்னையில் இன்னொரு விஷயமும் நடந்தது.

சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டடம் தெரியும். அதுதான் விக்டோரியா பொது மண்டபம். விக்டோரியா அரசி ஆட்சியின் 50-ஆம் ஆண்டை ஒட்டி 1880-களில் எழுந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஸம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1897-ல் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான்.

1891-ல் பம்மல் சம்பந்தர் 18 வயசு மாணவர். நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் வக்கீலாக, நீதிபதியாக இருந்த அவரும், படித்து உத்தியோகத்தில் இருந்த சபை உறுப்பினர்களும் நாடகம் போட்ட மேடை விக்டோரியா மண்டபம். இவர்களுக்கு நாடகம் பிழைப்பு இல்லை, கலை ஆர்வம். சம்பந்தர் பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தைக் கொண்டுவந்தார்.

சங்கரதாஸ் நின்ற மேடை வேறு. ஊர் ஊராகப் போய் கொட்டகை போட்டு, டிக்கெட் வசூலை நம்பி வாழ்ந்த தொழில்முறை நடிகர்களின் மேடை அது. அன்றைக்கு 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பேசப்பட்டவர்கள். தமிழ் நன்றாகப் படித்த ஒருவர் அவர்கள் கூடவே போய் உட்கார்ந்தார் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம்.

நடிப்பை விட்டது ஏன்?

ஆரம்பத்தில் சங்கரதாஸ் நடிகர். எமன், ராவணன், இரணியன், சனீஸ்வரன் என எல்லாமே பயமுறுத்தும் வேஷங்கள்.

சத்தியவான் சாவித்திரியில் எமனாக வந்தபோது, பாசக்கயிற்றோடு அவர் பாய்ந்த வேகத்தில் சாவித்திரி வேஷம் போட்ட பையன் மேடையிலேயே மயங்கி விழுந்தான் என்று சொல்வார்கள். இன்னொரு சம்பவம் இதைவிட வேதனையானது. நளதமயந்தி முடிந்த விடியற்காலை, சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க அவர் நீர்நிலைக்குப் போனார். அங்கே அவரைப் பார்த்து மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அதோடு வேஷம் போடுவதையே அவர் நிறுத்திவிட்டார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அதன் பிறகு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் வேலை. நடுவில் கம்பெனியை விட்டு விலகி, துறவியாகத் தீர்த்த யாத்திரையும் போனார். 'சுவாமிகள்' ஆனது அப்படித்தான். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நாடகத்தில் இவ்வளவு பாட்டு எதுக்கு?

மைக் இல்லாத காலம். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால், வசனத்தைவிடப் பாட்டுதான் தூரம் போகும். அன்றைய ரசிகர்களுக்கு நாடகமும் கச்சேரியும் தனித்தனி இல்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டும் வேண்டும்.

இதற்குச் சுவாமிகள் தயாராகவே இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, இவரைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டு தாள நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயிற்சிதான் சுவாமிகளின் பாட்டுகளில் துள்ளும் சந்தமாக நிற்கிறது.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், லவகுசா என ஏறக்குறைய 40 நாடகங்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த புராண, நாட்டுப்புறக் கதைகள். ஆனா தமிழ் சுத்தமான தமிழ். எழுதப் படிக்கத் தெரியாத ரசிகர்களும் திருக்குறள் கருத்தையும் தேவாரச் சாயலையும் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள்.

சிறுவர் கம்பெனி என்றால் என்ன?

பெரிய நடிகர்களை வைத்து கம்பெனி நடத்துவது தலைவலி. குடித்துவிட்டு வருவது, மேடையில் இஷ்டத்துக்குப் பேசுவது, பாதியில் வேறு கம்பெனிக்குப் போவது... ஒழுங்கை எதிர்பார்த்த சுவாமிகளுக்கு இது ஒத்துவரவில்லை. சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, தமிழும் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கும் முறையில் இறங்கினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தப் பையன்களுக்கு அது நாடகக் கம்பெனி மட்டும் இல்லை, பள்ளிக்கூடமும் வீடும் அதுதான். சின்ன வயசிலேயே வீட்டைப் பிரிந்து, ராத்திரி முழுக்க விழித்து வேஷம் கட்டின வாழ்க்கை என்பதையும் மறக்கக்கூடாது.

டி.கே.எஸ். சகோதரர்கள் இதில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு 6 வயசுதான். இந்தச் சிறுவனை மனதில் வைத்து அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பார்கள்.

அந்தப் பையன்தான் பின்னாளில் அவ்வை சண்முகம். சென்னையில் அவர் பெயரில் சாலை இருக்கு. சிறுவன் கமல்ஹாசன் நாடகம் கற்றுக்கொண்டது அவரிடம்தான். 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரிந்திருக்கும். இன்னொரு பக்கம், குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பாவும் சுவாமிகளிடம் பயின்றவர்.

குரல் இல்லாத கடைசி நாட்கள்

சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு போனது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரால், பையன்கள் மேடையில் தப்பாகப் பாடினாலும் ஒரு வார்த்தை சொல்லித் திருத்த முடியாத நிலை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது 55. சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

நாடகங்கள் நிற்கவில்லை. 1934-ல் பவளக்கொடி சினிமாவாக வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். மேடையில் தேச விடுதலைப் பாட்டுப் பாடி பலமுறை சிறை போன விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேஷத்தில், மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிர்விட்டார்.

இன்னைக்கு எங்கே பார்க்கலாம்?

விக்டோரியா மண்டபத்துக்குப் போனால் சம்பந்தரின் மேடையைப் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் வால்டாக்ஸ் சாலையில்தான் தொழில்முறைக் கம்பெனிகளின் 'ஒற்றைவாடை' கொட்டகை இருந்தது. ஆனா சுவாமிகளின் நாடகத்தைப் பார்க்க மண்டபம் எதுவும் தேவையில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் பங்குனி முதல் ஆடி வரையிலான கோயில் கொடைகளுக்குப் போனால் போதும்.

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பேர். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூனும் ஆர்மோனியமும் வேறு வேறு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்னைக்கு ராத்திரி மேடையில்தான் முதல் சந்திப்பே. ஆனாலும் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் விடியும் வரை தடுமாறாமல் ஓடும். காரணம், எல்லார் மனதிலும் இருப்பது ஒரே பாடம்: சுவாமிகள் எழுதியது.

இந்தக் கலைஞர்களுக்கு வருமானம் திருவிழா மாதங்களில் மட்டும்தான். கொரோனா காலத்தில் திருவிழாக்கள் நின்றபோது அதுவும் போனது. மாதச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை. இருந்தும் நாடகச் சங்கங்களில் சுவாமிகள் படத்துக்கு மாலை போட்டுத்தான் குருபூஜை நடத்துகிறார்கள். 100 ஆண்டுக்கு முன்னால் இறந்துபோன ஒரு வாத்தியாரின் பாடம் அவர்களுக்கு இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.