பேக்கரின் துப்பாக்கிகள்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோரில் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் காணாது திரும்புவோர் குறைவு. ஆனால் அந்நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சேர் சாமுவெல் வைட் பேக்கர் யார் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அமைத்தவர், நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்றவர், அடிமை வியாபாரத்தை ஒடுக்கப் படை நடத்தியவர் எனப் பல முகங்கள் அவருக்குண்டு. அவ்வாழ்வு முழுவதும் அவரோடு கூடவே வந்த பொருள் துப்பாக்கி. தொழிற்சாலையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவதா, தமது தேவைக்கேற்பத் தனியாகச் செய்விப்பதா என்ற கேள்விக்கு, அவரது வாழ்வு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது.

1821 ஆம் ஆண்டு லண்டனில் செல்வந்தக் குடும்பமொன்றில் பிறந்த பேக்கர், 1840 இல், இருபது வயதை எட்டுமுன்னரே, பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் கைவினைஞரிடம் தாமே வகுத்த அளவுகளின்படி றைபிள் ஒன்றைச் செய்வித்தார். 21 இறாத்தல் எடை, 36 அங்குலக் குழல், 3 அவுன்ஸ் ஈயக்குண்டு, ஒரு தடவைக்கு ஓர் அவுன்ஸ் வெடிமருந்து என்பன அதன் அளவுகள். அக்கால வேட்டைக்காரர் பலர் கையாண்டது உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியையே. குழலின் உட்புறத்தே சுருள்வரிகள் வெட்டப்பட்டால் குண்டு சுழன்று சென்று குறிதவறாது பாயும். ஆனால் படைத்துறைக்கெனச் செய்யப்பட்ட றைபிள்களின் மருந்தளவு மனிதனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. யானையின் மண்டையோட்டுக்கு அது போதாது. ஆயத்தப் பொருள் எதுவும் தம் நோக்கத்துக்கு உதவாது என்று கண்டமையாலேயே அவர் கைவினைஞரை நாடினார் எனலாம்.

அத்துப்பாக்கியுடன் 1845 இல் அவர் இலங்கை வந்திறங்கினார். 1848 இல் மீண்டும் வந்து, சகோதரருடனும் ஆங்கிலக் குடியேறிகளுடனும் நுவரெலியாவில் பண்ணை அமைத்து, 1855 வரை இங்கு வாழ்ந்தார். மலைக்காடுகளில் வேட்டை நாய்களுடன் மரைகளைத் துரத்தினார். தாழ்நிலக் காடுகளில் யானைகளைச் சுட்டார். கொல்லப்படும் யானைக்கு அன்றைய அரசாங்கமே சன்மானம் வழங்கிய காலம் அது.

தனியாகச் செய்வித்த துப்பாக்கிக்கு உரிய குறையொன்றும் உண்டு. அதன் குண்டு அதற்கேயுரிய அச்சில் வார்க்கப்பட வேண்டும். தீர்ந்துவிட்டால் அயலாரிடம் இரவல் பெற முடியாது. குண்டு தீர்ந்த வேட்டைக்காரனின் நிலையை மின்னேரியாக் குளக்கரையில் பேக்கர் அனுபவித்தறிந்தார். காயமுற்ற காட்டெருமையொன்று எதிரே நிற்க, கையில் குண்டு ஒன்றேனும் எஞ்சியிருக்கவில்லை. தம்மிடமிருந்த ஆறுபென்ஸ் வெள்ளி நாணயங்களைத் துணியில் சுற்றிக் குழலில் திணித்து, பாய்ந்து வந்த எருமை மிக அண்மித்த வேளையில் நெற்றியில் சுட்டார். எருமை சாகவில்லை, நிலைகுலைந்து வீழ்ந்தது. அந்த இடைவெளியில் பேக்கர் உயிர் தப்பினார். உலகின் தலைசிறந்த துப்பாக்கியும் அதற்குரிய குண்டு இல்லாதவிடத்து வெறும் இரும்பே என்பதை இச்சம்பவம் நமக்கு உணர்த்துகின்றது.

1861 இல் துணைவி புளோரன்சுடன் அவர் நைல் பயணத்தைத் தொடங்கினார். 1864 மார்ச் 14 ஆம் திகதி ஏரியொன்றின் கரையை அடைந்து அதற்கு அல்பர்ட் எனப் பெயரிட்டார். அப்பயணத்தில் ஹொலண்ட் நிறுவனத்தார் செய்து கொடுத்த, அரை இறாத்தல் வெடிகுண்டை எய்யும் பெருந்துப்பாக்கியொன்று அவரிடம் இருந்தது. அவர் அதற்கு இட்ட செல்லப் பெயர் 'குழந்தை'. அராபியப் பணியாளரோ பீரங்கியின் பிள்ளை என்றழைத்தனர். அதன் பின்னுதைப்பு சுட்டவரையே சுழற்றிவிடும். எனவே அவர் அதை அரிதாகவே எடுத்தார். நாள்தோறும் அவருக்குக் கைகொடுத்தது குளொஸ்டர் நகரின் பிளெட்சர் செய்த, கைக்கு இசைந்த சிறிய இரட்டைக்குழல் றைபிளே. அளவுக்கு மிஞ்சிச் செய்வித்த ஆயுதம் உரியவனையே அச்சுறுத்தியது.

1869 இல் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், மேல் நைல் பிரதேசத்தை இணைத்து அங்கு நிலவிய அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பொறுப்பை பேக்கரிடம் ஒப்படைத்தார். அங்கே அவரது நம்பிக்கைக்குரிய காவற்படை ஏந்தியது ஸ்னைடர் றைபிள்களை. பிரித்தானிய இராணுவம் 1866 இல் ஏற்றுக்கொண்ட, ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் உருவான ஆயுதம் அது. 1872 ஜூனில் மசிண்டியில் புன்யோரோ அரசன் கபரேகாவின் படை தாக்கியபோது, உயர்ந்த புற்காடுகளின் ஊடே, ஈட்டி வீச்சுக்கு நடுவே அவர்கள் நாட்கணக்கில் பின்வாங்க நேர்ந்தது. ஒருவனின் தோட்டா அடுத்தவனின் துப்பாக்கிக்கும் பொருந்தியமை அங்கு எத்துணை பயன் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தனியொருவனின் வேட்டைக்குக் கைவினைஞன் பொருத்தமெனில், கூட்டத்தின் உயிர்காப்புக்குத் தொழிற்சாலையே பொருத்தம்.

1873 இல் அப்பணி நிறைவுற்றது. 1890 இல் வெளியிட்ட தமது வனவிலங்கு நூலிலும், விலங்குக்கு ஏற்ற ஆயுதமே தேவை என்ற கருத்தை பேக்கர் விரிவாக வலியுறுத்தினார். 1893 டிசம்பர் 30 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அவர் காலமானார்.

எடை, குழல், மருந்து என ஒவ்வொன்றையும் நுணுகி ஆராய்ந்த அம்மனிதர், எதற்காகச் சுடுகிறோம் என்ற கேள்வியை இலங்கைக் காடுகளில் எத்துணை ஆழமாகக் கேட்டார் என்பதே நம் முன்னுள்ள வினா. அவருக்கு முன்னிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகின்றது. அத்தகைய வேட்டையும், காடழிப்பும் சேர்ந்து மலைநாட்டின் யானைக் கூட்டங்களைத் துடைத்தெறிந்தன. இன்று பேக்கர் நீர்வீழ்ச்சியின் அயலில் யானையைக் காண முடியாது. தாழ்நிலத்தில் எஞ்சியவையும் நாட்டுத் துப்பாக்கிக்கும் வெடிப்பொறிக்கும் இரையாகின்றன. 2023 இல் மட்டும் நானூறுக்கும் அதிகமான யானைகளை நாம் இழந்தோம். அன்று சன்மானத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சுட்டனர். இன்று பயிரையும் உயிரையும் காக்க வழியறியாது சுடுகின்றனர். துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்பதால் யானைக்கு எவ்வித வேறுபாடும் இல்லை. அதை ஏந்தும் தேவை எழாதவாறு வேலியும் நிலமும் ஒழுங்கு செய்யப்படுவதே பேக்கரின் காலத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமாகும்.