மகாத்மாவும் விருந்து உடையும்

சங்கரன்கோவிலில் எழுந்தருளியிருக்கும் சங்கரநாராயண மூர்த்தி ஒரு பாதியில் புலித்தோலும் மறு பாதியில் பீதாம்பரமும் தரித்து நிற்கிறார். இவற்றில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அந்தச் சந்நிதியில் எவரும் கேட்பதில்லை. மனிதர்களின் சபையில்தான் அவ்வழக்கு எழுகிறது. தறிச் சத்தம் கேட்கும் அந்த ஊரிலிருந்து ஒருவருக்குப் பட்டணத்துக் கிளப் ஒன்றின் விருந்துக்கு அழைப்பு வந்தால், எதை உடுத்திக்கொண்டு போவது என்பதே அவருடைய முதற் கவலையாக இருக்கும். இது அற்ப விஷயமென்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. மகாத்மா காந்தி நாற்பது வருஷங்களுக்கு மேல் இக்கேள்விக்கு விடை தேடியவர் என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1888-ம் வருஷம் செப்டம்பரில், பத்தொன்பது வயது நிரம்பாத மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். பிரயாணத்தில் கறுப்பு உடை அணிந்திருந்தவர், சீமையில் இறங்கும்போது வெள்ளையே பொருத்தமென்று எண்ணி வெள்ளைக் கம்பளி உடுப்பைத் தரித்துக்கொண்டார். கரையில் அவ்வுடையில் நின்றவர் அவர் ஒருவரே. பெட்டிகளோ ஏஜெண்டுகள் கைக்குப் போய்விட்டன. மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே அந்த வெட்கத்தோடேயே அவர் காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகு அவரை நாகரிக மோகம் பற்றிக்கொண்டது. 19 ஷில்லிங்குக்கு ஓர் உயர்ந்த தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்கான உடுப்புத் தைத்துக்கொண்டார். தமையனாரிடமிருந்து தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். தினந்தோறும் பத்து நிமிஷம் நிலைக்கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். நடனமும் பிடிலும் கற்கப் பணம் கட்டினார். சுமார் மூன்று மாதத்தில் இம்மோகம் தெளிந்தது. ஆயினும் உடையில் கவனம் மட்டும் பல வருஷங்கள் நீடித்தது.

1893-ல் தென்னாப்பிரிக்கா சென்றபோது டர்பன் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவருடைய தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்துவிட்டு வெளியேறினார். மறு வருஷம் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பிரமாணம் செய்தபோது பிரதம நீதிபதியும் அதையே சொன்னார். இம்முறை அவர் கழற்றினார். நண்பர்கள் வருந்தினார்கள். அவரோ, தமது பலத்தைப் பெரிய போராட்டங்களுக்குச் சேமித்து வைக்க எண்ணினார். அந்தப் போராட்டங்களில் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தவன் ஒரு தமிழன். எஜமானனால் அடிபட்டுப் பல் உடைந்து, இரத்தம் வழிய வந்த பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தக் கூலி, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளையர் முன் அப்படி நிற்கும்படி பழக்கப்படுத்தப்பட்டிருந்தான். அதை மறுபடி தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தம் தலைப்பாகையை விட்டுக்கொடுத்தவர் ஏழையின் தலைத்துணியை விட்டுக்கொடுக்கவில்லை.

1901-ம் வருஷக் காங்கிரஸுக்குக் கல்கத்தா சென்றவர், அது முடிந்தபின் சில நாள் இந்தியா கிளப்பில் தங்கினார். அங்கே தினமும் மெல்லிய வங்காள வேஷ்டியும் உத்தரீயமும் அணிந்து வந்த ராஜாக்கள், கர்ஸன் பிரபு நடத்திய தர்பார் தினத்தன்று பட்லர்கள் அணிவது போன்ற கால்சட்டையும் பளபளக்கும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். காரணம் கேட்டார் காந்தி. செல்வத்தையும் பட்டத்தையும் காப்பாற்றிக்கொள்ள இந்த அவமானத்தைச் சகிக்க வேண்டியிருக்கிறது என்பதே கிடைத்த விடையின் சாரம். அணியும் மனிதன் அச்சத்தால் உடுத்தினால், விலையுயர்ந்த உடுப்பும் சேவகனின் சீருடையாகிவிடும் என்பதை அன்று அவர் கண்ணாரக் கண்டார்.

1913-ல் தென்னாப்பிரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்த காந்தி, தலையை மழித்து, செருப்பின்றி, ஒப்பந்தக் கூலியின் உடையில் டர்பன் பொதுக்கூட்டத்தில் தோன்றினார். 1915 ஜனவரியில் தாய்நாடு திரும்பியதும், பம்பாயில் ஜஹாங்கீர் பெடிட் என்ற பிரபுவின் மாளிகையில் அவருக்கு வரவேற்பு நடந்தது. கத்தியவார் அங்கியும் தலைப்பாகையும் வேஷ்டியுமாகச் சென்ற அவருக்கு, அந்த ஆடம்பரத்தின் நடுவே தாம் ஒரு பட்டிக்காட்டான் போலவே தோன்றியது. கூச்சம் அப்போதும் இருந்தது. ஆனால் அதற்காக அவர் உடையை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசி மாறுதல் நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, அந்நியத் துணி உடுத்திய ஜனங்களிடம் கதர் அணியும்படி சொன்னார். கதர் வாங்கத் தங்களுக்குச் சக்தியில்லை என்றார்கள் அவர்கள். தொப்பியும் சட்டையும் முழு வேஷ்டியுமாக நின்று அதைக் கேட்டவருக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. 22-ம் தேதி காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து முழங்கால் அளவு துண்டுடன் வெளியே வந்தார். அக்டோபர் 31-ம் தேதி வரையிலாவது என்று எடுத்துக்கொண்ட விரதம் 1948 ஜனவரி 30-ம் தேதி அவர் உயிர் பிரியும் வரையில் நிலைத்தது.

அதற்குப் பெரிய சோதனை 1931-ல் வந்தது. வட்டமேஜை மகாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு நவம்பர் 5-ம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையில் தேநீர் விருந்து. உரிய உடுப்பில்லாமல் முழங்கால் தெரிய வரும் ஒருவரை அழைப்பதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு விருப்பமில்லை யென்று மந்திரி ஸர் சாமுவேல் ஹோர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். கிழக்கு லண்டன் ஏழைகளிடையே கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்த காந்தியோ, அங்கே தெருவில் நடந்த அதே துண்டும் சால்வையும் செருப்புமாக அரண்மனைப் படியேறினார். பாண்டு தெருவில் விருந்து உடுப்புத் தைத்த பிள்ளை, அதே லண்டனில் மன்னர் கையைக் குலுக்கிவிட்டுத் திரும்பினார். அவரை அழைத்தது அரண்மனை. அவருடைய உடையைத் தீர்மானித்தவர்களோ, அழைக்கப்படாத கோடிக்கணக்கான ஏழைகள்.

இக்கதை பழையதென்று ஒதுக்க இயலாது. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்குச் சென்ற ஹைகோர்ட் நீதிபதி ஒருவர், வேஷ்டி கட்டியிருந்த காரணத்துக்காக வாயிலிலேயே தடுக்கப்பட்டார். சுதந்திரம் வந்து அறுபத்தேழு வருஷம் ஆகப்போகும் தருணத்தில் இது நடந்தது. அடுத்த மாதமே சட்டசபை, அவ்விதம் தடுப்பவர்களுக்கு ஒரு வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இயற்றியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்லுவோம். சட்டம் வாயிற்காவலனைத்தான் விலக்கும். உள்ளே இருப்போரின் பார்வையை மாற்றாது. கோட்டுக்குப் பதில் அகன்ற சரிகைக் கரை வேஷ்டியே பிரபுக்களின் அடையாளமாகி, நாலு முழ வேஷ்டிக்காரன் வெளியிலேயே நிற்பானாயின், நாம் வென்றதாகச் சொல்ல முடியாது.

ஆகவே சங்கரன்கோவில் கனவானுக்கு நம்முடைய யோசனை இதுவே. கோட்டு அணிவது பாவமுமில்லை. வேஷ்டி கட்டுவது மட்டுமே புண்ணியமுமில்லை. கடன் வாங்கி உடுப்புத் தைக்க வேண்டாம். பயந்து வேஷம் போடவும் வேண்டாம். தம் தெருவில் தறியில் உட்கார்ந்திருப்பவர் எதிரே வந்தால் எந்த உடையில் கூசாமல் நின்று பேசுவாரோ, அந்த உடையைச் சுத்தமாக வெளுத்து உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போகட்டும்.